மேலே போய்ச் சேராத செய்தி

2013 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்க அரசின் 'ஹெல்த்கேர்.கவ்' இணையதளம் திறந்தது. மருத்துவக் காப்பீடு இல்லாத கோடிக்கணக்கான மக்களுக்காக 2010இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு அதுதான் வாசல். சொந்தமாகத் தளம் அமைக்காத 36 மாநிலங்களின் மக்கள் அங்கே வந்துதான் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து, மானியத்துக்குத் தகுதி உண்டா என்று அறிந்து, காப்பீடு எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வரலாம் என்பது எதிர்பார்ப்பு. வந்தவர்கள் 2.5 லட்சம் பேர். அன்று முழுவதிலும் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் ஆறு பேர்.

கூட்டம் அதிகமாகிவிட்டது, அதனால் தளம் திணறுகிறது என்று முதல் சில நாட்கள் விளக்கம் சொன்னார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த சோதனையில், சில நூறு பேர் ஒன்றாக நுழைய முயன்றதற்கே தளம் விழுந்திருந்தது. சோதித்தவர்களுக்கு அது தெரியும். நிரல் எழுதியவர்களில் பலருக்கு அதற்கும் மாதக்கணக்கில் முன்பே தெரியும். இப்படிக் கீழே பலருக்குத் தெரிந்திருந்த ஒன்று, மேலே முடிவெடுக்கும் இடத்தில் அதிர்ச்சிச் செய்தியாக வெடித்தது எப்படி?

மென்பொருள் திட்டங்களை நடத்துவது பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பங்கு அட்டவணை, மதிப்பீடு, வேலைமுறை ஆகியவற்றைப் பற்றியது. அவை வேண்டியவைதான். ஆனால் பெரிய தோல்விகளின் விசாரணை அறிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு போனால் வேறொன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வேலை செய்பவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி, தேதியையோ அளவையோ மாற்றும் அதிகாரம் உள்ளவரிடம் உருமாறாமல் போய்ச் சேர்வதில்லை. அதற்கு வழி அமைப்பதுதான் தலைமையின் முதல் வேலை என்பது என் துணிபு. மற்ற திறமைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் பயன்படுகின்றன.

அந்தத் தளம் உருவான விதத்தைப் பார்க்கலாம். முதியோருக்கும் வறியோருக்குமான அரசுக் காப்பீடுகளை நடத்தும் 'சிஎம்எஸ்' என்ற அமைப்பு அந்தப் பொறுப்பை ஏற்றது. வேலை 60 ஒப்பந்தங்களாகப் பிரிந்து பல நிறுவனங்களிடம் போனது. காப்பீட்டுச் சந்தையின் மையப் பகுதி சிஜிஐ ஃபெடரல் நிறுவனத்துக்கு. வருமானவரி, சமூகப் பாதுகாப்பு, குடியேற்றத் துறைகளின் பதிவுகளோடு விண்ணப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் தரவு மையம் க்யூஎஸ்எஸ்ஐ நிறுவனத்துக்கு. இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தும் வேலையைச் சிஎம்எஸ் தானே வைத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய மென்பொருளை ஒருங்கிணைத்த அனுபவம் அதற்கு இல்லை. சட்டத்தின் நுணுக்க விதிகள் பல 2012 தேர்தல் முடிந்த பிறகே வெளிவந்தன. எத்தனை மாநிலங்களுக்காக இதைக் கட்டுகிறோம் என்பதே 2013 தொடக்கம் வரை உறுதியாகவில்லை. சிஜிஐ ஒப்பந்தத்துக்கு 2011 செப்டம்பரில் ஒதுக்கிய தொகை 5.6 கோடி டாலர். 2014 பிப்ரவரிக்குள் அது 20.9 கோடி டாலராகியிருந்தது.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. 2013 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் ஒரு மதிப்பாய்வு செய்து, அதைச் சுகாதாரத் துறையின் மேல்மட்டத்திலும் வெள்ளை மாளிகையிலும் விளக்கியது. இப்படிப்பட்ட திட்டத்தில் வடிவமைப்பு, கட்டுமானம், சோதனை, சிறிய அளவில் வெளியீடு என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். இங்கே எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. முடிவெடுக்கும் ஒரே அதிகாரம் என்று யாரும் இல்லை. முழுச் சோதனைக்கு நேரம் போதாது என்றெல்லாம் அது சுட்டிக்காட்டியது. சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 2011 ஜூலைக்கும் 2013 ஜூலைக்கும் இடையில் எழுத்தில் வந்த எச்சரிக்கைகள் மட்டும் 18. ஆனாலும் எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக இணைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை கடைசி இரண்டு வாரங்களில்தான் நடந்தது. அதற்கு மாதங்கள் வேண்டும் என்று ஒப்பந்த நிறுவனங்களின் அதிகாரிகள் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். கணக்குத் தொடங்காமலே திட்டங்களைப் பார்வையிடும் வசதி செப்டம்பரில் அணைக்கப்பட்டது. அதனால் விலை பார்க்க வந்தவர்கள்கூடப் பதிவு செய்யும் குறுகலான வழியில் போய் நெரிந்தார்கள்.

எழுத்தில் 18 எச்சரிக்கைகள் வந்தும் ஏன் எதுவும் நடக்கவில்லை? 86 பேரைப் பேட்டி கண்டு எழுதப்பட்ட அந்த ஆய்வறிக்கை இதற்குத் தரும் பதில், சோம்பலோ வஞ்சகமோ காரணம் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த ஊழியர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். கெட்ட செய்தி தொடர்ந்து வந்துகொண்டே இருந்ததால் அதற்குப் பழகிப்போனார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வழியில் சமாளித்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதால், இந்த முறையும் சமாளித்துவிடலாம் என்று நம்பினார்கள். எந்த எச்சரிக்கையும் குறிப்பிட்ட ஒருவரின் மேசைக்கு, அவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டியதாக, வரவில்லை.

இதை ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் ஃபிரெட் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசையின் உருவாக்கத்தை அவர் நடத்தினார். பிறகு அதற்கான இயங்குதளமான ஓஎஸ்/360இன் பொறுப்பை ஏற்றார். உச்சத்தில் 1,000 பேருக்கு மேல் வேலை செய்த திட்டம் அது. கெடு தவறியது, செலவு கூடியது, முதல் வெளியீடுகளில் பிழைகள் மலிந்திருந்தன. அவர் ஐபிஎம்மை விட்டு வடகரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: வன்பொருளைவிட மென்பொருளை நிர்வகிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? அதற்குக் காலம் கடந்து சொன்ன பதிலாகத்தான் 1975இல் 'தி மித்திக்கல் மேன்-மன்த்' நூல் வந்தது.

அந்த நூலிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விதியை: தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் தாமதம் கூடும். காரணம் எளிய கணக்கு. 10 பேர் ஒருவரோடொருவர் பேச 45 இணைப்புகள் போதும். 50 பேருக்கு 1,225 வேண்டும். புதிதாக வருபவருக்குக் கற்றுத்தரும் நேரம், ஏற்கெனவே வேலை தெரிந்தவரின் நேரத்திலிருந்துதான் போகும். இந்த விதியை மென்பொருள் துறையில் கேள்விப்படாதவர்கள் குறைவு.

ஆனால் அதே நூலில், திட்டங்கள் எப்படிச் சிறுகச் சிறுகப் பின்தங்கிப் பேரழிவை எட்டுகின்றன என்று பேசும் பகுதியை நான் அதைவிட உயர்வாக மதிக்கிறேன். அங்கே புரூக்ஸ் கீழ்நிலை மேலாளரின் மனத்துக்குள் போகிறார். தன் குழு இரண்டு நாள் பின்தங்கிவிட்டது என்பதை அந்த மேலாளர் உடனே மேலே போய்ச் சொல்வதில்லை. தானே சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறார், பல முறை சரிசெய்தும் விடுகிறார். மேலே சொன்னால் பாஸ் குறுக்கே புகுந்து உத்தரவு போடுவார்; தன் அதிகாரம் போகும், வகுத்து வைத்த வேலைகள் கலையும். ஆகவே மறைக்கிறார். இதற்குப் புரூக்ஸ் காட்டும் மருந்து பாஸின் அடக்கம். நிலவரம் கேட்கும் கூட்டத்தில் நிலவரத்தை மட்டும் கேட்க வேண்டும், அங்கேயே பாய்ந்து நடவடிக்கை எடுக்கக் கூடாது. தனக்குக் கீழே உள்ளவர் தீர்க்கக்கூடிய சிக்கலில் கை வைக்கவே கூடாது. இது நிலவரம் சொல்லும் கூட்டமா, முடிவெடுக்கும் கூட்டமா என்று முன்பே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பாஸ் பதறாமல் கேட்டுக்கொள்கிறார் என்று தெரிந்தால்தான் கீழே உள்ளவர் உண்மையான நிலவரத்தைச் சொல்வார்.

அதோடு அவர் இன்னொன்றையும் சேர்த்தார். மைல்கற்கள் கூர்மையாக இருக்க வேண்டும். 'நிரல் 90 விழுக்காடு முடிந்தது' என்பது மைல்கல் ஆகாது. திட்டத்தின் பாதிக் காலத்துக்கு அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியும். 'இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது' என்பதுதான் மைல்கல். அதில் தன்னையே ஏமாற்றிக்கொள்ள இடமில்லை. எல்லையைக் கூர்மையாக வரைவது கண்காணிப்புக்காக என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மையாக இருக்க விரும்பும் ஒருவருக்கு அது பெரிய உதவி. தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெளிவாகிறது.

மனிதர்கள் கெட்ட செய்தியைக் கொண்டுபோகத் தயங்குவதை உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். சிட்னி ரோசன், ஆபிரகாம் டெசர் இருவரும் 1970இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தயக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அதை மென்பொருள் திட்டங்களில் தேடிப் பார்த்தபோது தாராளமாகவே கிடைத்தது. சென்னையிலோ கோவையிலோ இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆய்வே வேண்டாம். வாராந்தர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடும் வழக்கம் அவர்களுக்குத் தெரியும். வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக இருக்கும் திட்டத்தைத் தர்ப்பூசணி என்று அவர்களே அழைக்கிறார்கள். 'இந்த மாட்யூலை மறுபடி எழுத வேண்டும்' என்று டெவலப்பர் சொன்னது, லீட் வாயிலாகப் போகும்போது 'சில சிக்கல்கள் இருக்கின்றன' என்றாகிறது. மேலாளரிடம் 'கவனித்துக்கொண்டிருக்கிறோம்' என்றாகிறது. கிளையன்ட் பார்க்கும் பக்கத்தில் அது பச்சை. இந்தச் சங்கிலியில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லை மென்மையாக்கினார்கள், அவ்வளவுதான். அவுட்சோர்சிங் ஒப்பந்தங்களில் இந்தப் படிகள் இன்னும் நீள்கின்றன. நிரல் எழுதுபவர் ஒரு நாட்டில், அதைப் பயன்படுத்துபவர் வேறு நாட்டில், நடுவில் ஆன்சைட் கோஆர்டினேட்டர். வாடிக்கையாளரிடம் நேரே பேசக் கூடாது என்பது பல இடங்களில் எழுதப்படாத சட்டம். நம் ஊர் இளைஞர்களின் திறமையில் எவ்வளவோ இந்த இடைவெளியில் வீணாகிப் போகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கணினி வல்லுநர் மெல்வின் கான்வே 1968இல் 'டேட்டமேஷன்' இதழில் எழுதிய கட்டுரையையும் இங்கே நினைக்க வேண்டும். ஓர் அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த அமைப்பு கட்டும் பொருளும் அதே வடிவில் அமையும் என்பது அவர் கண்டது. ஹெல்த்கேர்.கவ் தளத்தில் உடைப்புகள் பல நேர்ந்தது ஒரு நிறுவனத்தின் வேலை முடிந்து அடுத்த நிறுவனத்தின் வேலை தொடங்கும் இடங்களில்தான். கணக்குப் பதிவு ஒருவருடையது, விண்ணப்பம் இன்னொருவருடையது. இரண்டுக்கும் நடுவில் நின்ற பயனாளரைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் ஒப்பந்தம் இல்லை.

2013 அக்டோபர் 22 அன்று ஜெஃப் ஜயன்ட்ஸ் மீட்புப் பணியைப் பார்த்துக்கொள்வார் என்று அறிவித்தார்கள். அவர் நிரலாளர் அல்ல, நிர்வாகம் தெரிந்தவர். சில நாட்களில் க்யூஎஸ்எஸ்ஐ பொது ஒப்பந்ததாரர் ஆனது. நவம்பர் இறுதிக்குள் பெரும்பாலான பயனாளர்களுக்குத் தளம் ஒழுங்காக வேலை செய்யும் என்று இலக்கு வைத்தார்கள். கூகுள் நிறுவனத்தில் தளங்களை விழாமல் காக்கும் பணியில் இருந்த மைக்கி டிக்கர்சன் உள்ளிட்ட சிறு குழு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது.

வந்தவர்கள் முதலில் கேட்டது, தளம் இப்போது ஓடுகிறதா, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று எங்கே பார்க்கலாம் என்பதுதான். பார்ப்பதற்கு எந்தத் திரையும் இல்லை. தளம் விழுந்த செய்தி உள்ளே இருந்தவர்களுக்கே தொலைக்காட்சி வழியாக வந்தது என்று டிக்கர்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோடிக்கணக்கான டாலர் செலவான அமைப்பில், அதன் நாடித்துடிப்பை யாரும் எண்ணவில்லை. ஆகவே முதல் வேலையாக அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். அடிக்கடி கேட்கப்படும் தரவை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் போய்த் தேடாமல் கைக்கெட்டும் இடத்தில் சேமித்து வைக்க வழி செய்தார்கள். இது இந்தத் தொழிலில் பாலபாடம்.

மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா நகரில் இருந்த செயல்பாட்டு மையத்தில் காலையும் மாலையும், வார இறுதி உட்பட, எல்லா நிறுவனத்தினரும் நின்றபடி கூடிப் பேசினார்கள். டிக்கர்சன் மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். இந்த அறை சிக்கலைத் தீர்ப்பதற்கு; பழியை மாற்றிப் போட வேறு இடங்கள் இருக்கின்றன. ஒரு சிக்கலைப் பற்றி அதிகம் தெரிந்தவரே பேச வேண்டும், பதவியில் உயர்ந்தவர் அல்ல. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் நம்மைத் தாக்கப்போவதில் மட்டும் கவனம் வைக்க வேண்டும்.

இரண்டாவது விதி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு கூட்டத்தில் மேலாளர் ஒரு கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்கிறார், பின்வரிசையில் இருக்கும் பொறியாளருக்கு விடை தெரியும், ஆனால் வாய் திறக்க முடியாது என்பது எல்லா நாட்டு அலுவலகங்களிலும் நடப்பது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்த சமூகத்தில் அது இன்னும் இறுக்கம். டிக்கர்சனின் விதி அந்தப் பொறியாளரைப் பேச அனுமதித்ததோடு நிற்கவில்லை. அவர் பேசாமலிருப்பதை விதிமீறலாக்கியது. நடுவில் இருந்த படிகள் ஒரே அடியில் காணாமல் போயின. தெரிந்தவரும் முடிவெடுப்பவரும் ஒரே அறையில் நின்றார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் தளம் ஒழுங்காக இயங்கிய நேரம் 42.9 விழுக்காடு. மாத இறுதியில் 95.1 விழுக்காடு. பக்கம் திறக்க எடுத்த நேரம் எட்டு நொடியிலிருந்து ஒரு நொடிக்கும் கீழே வந்தது. 6 விழுக்காட்டைத் தாண்டியிருந்த பிழை வீதம் 0.75 விழுக்காடானது. 400க்கும் மேற்பட்ட பிழைகள் திருத்தப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவற்றைத் திருத்தியவர்கள் ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒப்பந்த நிறுவனங்களின் பொறியாளர்களே. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு கைப்பிடிதான். புரூக்ஸின் விதி இங்கே பொய்க்கவில்லை. பெரும்படை எதுவும் சேர்க்கப்படவில்லை. அதே மனிதர்கள், அதே நிரல், ஆனால் செய்தி போகும் பாதை மாறியது. 2014 ஏப்ரலுக்குள் மாநிலத் தளங்களையும் சேர்த்து 80 லட்சம் பேர் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் 54 லட்சம் பேர் இந்தத் தளத்தின் வழியாக வந்தவர்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இங்கே நிறுத்தி, திறந்த மனத்தோடு கேட்கும் தலைவர் வேண்டும் என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது. மெக்கின்சி எச்சரித்தபோது மேலே இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, கேட்டார்கள். கேட்டு என்ன செய்வது? தொடக்கத் தேதி அக்டோபர் 1 என்று முடிவாகியிருந்தது. தளம் செய்ய வேண்டியவற்றைச் சட்டம் வரையறுத்திருந்தது. அரசியல் எதிரிகள் ஒரு சறுக்கலுக்காகக் காத்திருந்தார்கள். தேதியும் அசையாது, அளவும் அசையாது என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று மட்டுமே விட்டுக்கொடுக்கும்: சோதனை. கடைசி வாரத்தில்தான் ஸ்பானிய மொழிப் பதிவையும் சிறு தொழில் நிறுவனங்களுக்கான இணையப் பதிவையும் தள்ளி வைத்தார்கள். அதே வெட்டை ஏப்ரலில் இன்னும் ஆழமாகப் போட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். கெட்ட செய்தியைக் கேட்டபின் செய்வதற்கு எதுவும் இல்லாத தலைவர், மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திவிடுகிறார். ஜயன்ட்ஸுக்கு முன்பிருந்தவர்கள் அவரைவிடத் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அவருக்குக் கிடைத்த அதிகாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு.

அளக்கும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. பதிவான தவறுகளின் எண்ணிக்கை அங்கேதான் கூடுதலாக இருந்தது. அந்தச் செவிலியர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்ததைச் சொல்லப் பயப்படவில்லை என்பதே பொருத்தமான விளக்கம் என்று 1996இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிட்டார். பிழை எண்ணிக்கையை வைத்துக் குழுக்களுக்கு மதிப்பெண் போடும் மேலாளர் இதைப் படிக்க வேண்டும். அவர் பரிசளிப்பது தரத்துக்கா, மௌனத்துக்கா என்பது அவருக்கே தெரியாமல் போகலாம்.

மௌனத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலையைப் பிரிட்டனில் பார்க்கலாம். 1999 முதல் அந்த நாட்டு அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் வந்தது. கட்டியது ஃபுஜிட்சு குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். சிற்றூர்களில் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டத் தொடங்கியது. உதவி எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்கு, இப்படிச் சொல்வது நீங்கள் ஒருவர்தான் என்ற பதில் கிடைத்தது. உண்மையில் தெரிந்த பிழைகளின் பதிவேடு ஒன்று ஃபுஜிட்சுவில் இருந்தது, பொறியாளர்கள் அதில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பதிவேட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் இருந்த படிகளில் ஒவ்வொருவரும் மென்பொருள் நம்பகமானது என்றே சொல்லிக்கொண்டு போனார்கள். திருட்டு, பொய்க்கணக்கு என்று 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், வீட்டை இழந்தார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அஞ்சலகம் நடத்தியவர்களில் ஒருவரான ஆலன் பேட்ஸும் அவரோடு 500க்கும் மேற்பட்டவர்களும் தொடுத்த வழக்கில், ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024 மே மாதம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஹெல்த்கேர்.கவ் தோற்றது எல்லோருக்கும் தெரியும்படி தோற்றது; அதனால் இரண்டு மாதங்களில் மீண்டது. ஹொரைசனின் பிழை ஒவ்வொரு கடைக்காரர் வீட்டிலும் தனித்தனியாக நிகழ்ந்தது. தனித்தனியாக நிகழ்ந்ததால் இருபது ஆண்டு மறைக்க முடிந்தது.

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்துக்குப் பிறகு, குறுகிய சுற்றுகளில் வேலை செய்து அடிக்கடி காட்டும் முறை பரவியது. அதன் உயிர், ஓடும் மென்பொருளைப் பயனாளர் கையில் கொடுத்துவிட்டால் அறிக்கையில் நிறம் பூச முடியாது என்பதில் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் நடக்கும் நின்றபடி கூட்டம், நேற்று என்ன செய்தாய் என்று வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் மாறிய இடங்களில் அந்த உயிர் போய்விட்டது. அங்கே புரூக்ஸ் விவரித்த மறைப்பு வாரத்துக்கு ஒருமுறைக்குப் பதிலாகத் தினமும் நடக்கிறது.

மீட்புக்குப் பிறகும் ஹெல்த்கேர்.கவ் தளத்தில் வேலை தொடர்ந்தது. 2014 ஜனவரியில் சிஜிஐ இடத்துக்கு ஆக்சென்சர் வந்தது. ஒரு சிறு குழு விண்ணப்பத்தையே மறுபடி எழுதி, 76 திரைகளாக இருந்ததைப் பெரும்பாலானவர்களுக்கு 16 திரைகளாகக் குறைத்தது. இந்த அனுபவத்தை அரசின் மற்றத் துறைகளுக்கும் கொண்டுபோக 2014 ஆகஸ்டில் அமெரிக்க டிஜிட்டல் சேவை தொடங்கப்பட்டது, டிக்கர்சன் அதன் முதல் நிர்வாகி. அதே ஆண்டில் '18எஃப்' என்ற இன்னொரு குழுவும் பிறந்தது. 2025 ஜனவரி 20 அன்று புதிய அரசு டிஜிட்டல் சேவையின் பெயரை மாற்றி, செலவுக் குறைப்புக்கான பிரிவாக்கியது. அடுத்த மாதம் அதன் ஊழியர்கள் 21 பேர் ஒன்றாகப் பதவி விலகினார்கள். மார்ச் 1ஆம் தேதி 18எஃப் கலைக்கப்பட்டது. பத்தாண்டுகளாகச் சேர்த்த ஒரு பழக்கத்தைக் கலைக்கச் சில வாரங்கள் போதுமாக இருந்தன.

டிஜிட்டல் சேவை தொடங்கிய நாளில் வெளியிட்ட கையேட்டில் 13 வழிமுறைகள் இருக்கின்றன. ஆறாவது, ஒரே ஒருவரைத் தலைவராக நியமித்து அவரையே பொறுப்பாளியாக்கச் சொல்கிறது. அதன் கீழே உள்ள சரிபார்ப்புப் பட்டியல், எந்த அம்சம் வேண்டும், அது தொழில்நுட்ப அளவில் எப்படி அமைய வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஒருவருக்கு உண்டு என்பதைச் சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்கிறது.